பிடி போனாலும் அலகு இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் வைட்ஃபீல்டின் அடுக்ககங்களைச் சுற்றி வந்தால் யோகா, ஸும்பா, ஸ்கேட்டிங் வகுப்புகளுக்கு நடுவே எங்காவது ஒரு மூலையில் இரும்பு மோதும் சத்தமும் கேட்கும். ஓரிடத்தில் சிலம்ப ஆசான் வாள்வீச்சு சொல்லிக்கொடுப்பார். இன்னோரிடத்தில் களரி பழகும் பிள்ளைகள் வாளும் பரிசையுமாக நிற்பார்கள். வலை முகமூடி அணிந்து ஃபென்சிங் பழகுகிறவர்களும் உண்டு. எல்லோர் கையிலும் இருப்பது பயிற்சி வாள். முனை உருட்டப்பட்டது, விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்புக்கு மழுக்கப்பட்டது. யாரையும் வெட்டாத இந்த வாள்கள், போர்வாள்களைவிட அதிகமாக அடி வாங்குகின்றன. போர்வாளுக்கு வருடத்தில் சில நாள் வேலை; பயிற்சி வாளுக்கு வாரா வாரம் நூற்றுக்கணக்கான மோதல்.

இவற்றில் முதலில் கெடுவது பெரும்பாலும் பிடிதான். மரம் பிளக்கும், பசை விடும், கைக்காப்பு கடகடவென்று ஆடும். அலகோ புதிது போலப் பளபளக்கும். அப்போது எல்லோருக்கும் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: அலகு நன்றாகத்தானே இருக்கிறது, அதைக் கழற்றி வேறு பிடி போட்டுக்கொள்ளலாமா? போட்டுக்கொள்ளலாம். ஆனால் அலகு நன்றாக இருக்கிறதா என்பது பிடியைக் கழற்றிய பிறகுதான் தெரியும். வெளியே தெரியும் எழுபது எண்பது சென்டிமீட்டரைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. பிடிக்குள் ஒளிந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் வாளின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒடுங்கி உள்ளே போகும் அந்தப் பகுதியை இங்கே வால் என்று சொல்லிக்கொள்வோம்.

பிடி ஏன் முதலில் போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சீரான இரும்புப் பட்டை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் அது வளைந்து வளைந்து அதிரும். ஆனால் இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில் உள்ள இரண்டு புள்ளிகள் மட்டும் அசையாமல் நிற்கும். இவற்றைக் கணு என்பது இயற்பியல் வழக்கு. ஒரு மீட்டர் பட்டையில் முனையிலிருந்து 22 செ.மீ. தள்ளி ஒரு கணு இருக்கும். வாளாக இருந்தால் அந்த இடம் கைக்காப்பைத் தாண்டி அலகின் மேலேயே விழுந்துவிடும். பிடித்திருக்கும் கை முழுவதும் அதிர்வில் மாட்டிக்கொள்ளும். பிடியின் கடைசியில் இருக்கும் கனமான குமிழும், நுனியை நோக்கி மெலியும் அலகும் சேர்ந்துதான் அந்தக் கணுவைப் பின்னுக்கு இழுத்து உள்ளங்கைக்குக் கொண்டுவருகின்றன. நல்ல வாள் கையில் அமைதியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மலிவான பயிற்சி வாளில் குமிழ் வெறும் அலங்காரம், உள்ளே பொள்ளல். ஒவ்வொரு அடியும் மர நாரை நசுக்குகிறது, பசையில் மயிரிழை விரிசல்களை உண்டாக்குகிறது. ஆகவே புதுப் பிடி போடுகிறவர் பழைய குமிழை எடை போட்டுக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட இலகுவான ஒன்றை மாட்டினால் புதுப் பிடியும் அதே கதியைத்தான் அடையும்.

இனிக் கழற்றும் வேலை. அலகைப் பெஞ்சு வைஸில் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு குமிழின் அடியைப் பார்த்தால், அது எந்த வகை என்று பாதி தெரிந்துவிடும். நட்டு தெரிந்தால் அதிர்ஷ்டம். வாலின் கடைசியில் மரை வெட்டி, குமிழையே நட்டாகத் திருகியிருப்பார்கள். துரு பிடித்திருந்தால் இரவு முழுவதும் எண்ணெய் ஊறவிட்டுத் திருகினால் வந்துவிடும். நட்டு இல்லாமல் குமிழின் நடுவில் சின்னப் பொட்டு மட்டும் இருந்தால், வால் குமிழைத் துளைத்து வெளியே வந்து, அதன் தலை சுத்தியலால் அடித்துப் பரப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். பழங்கால ஐரோப்பிய வாள்கள் அநேகமாக இப்படித்தான். அந்தத் தலையை அரத்தால் ராவி எடுத்தால்தான் பிடி கழலும். ராவும்போது வாலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்விடும். மறுபடி அடித்துப் பரப்ப இன்னும் கொஞ்சம் வேண்டும். இப்படிச் செய்யக்கூடிய தடவைகளுக்கு ஓர் எல்லை உண்டு.

மூன்றாவது வகை ஒட்டியது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

வட இந்தியத் தல்வார்களின் பிடி முழுவதும் உலோகம், உள்ளே கூடு. அந்தக் கூட்டில் அரக்கு, குங்கிலியம் போன்ற பிசினைச் செங்கல் பொடி மாதிரி ஏதாவது ஒரு நிரப்பியுடன் சூடாக்கி ஊற்றி, வாலை உள்ளே செருகிவிடுவார்கள். ஆணி கிடையாது, மரை கிடையாது. அரக்கு என்பது பலாசு, பூவம் போன்ற மரங்களில் வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் நகையை அசையாமல் நிறுத்தி வேலை செய்யப் பயன்படுத்துவதும் இதைத்தான். அரக்கு ஏறக்குறைய 65 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடும். வாளின் எஃகோ 150 டிகிரியைத் தாண்டும்வரை எந்த மாற்றத்தையும் காட்டாது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் ஆயுதச்சாலைக்காரர்களின் பிழைப்பு நடந்தது. பிடியைக் கொதிக்கும் நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். அலகின் பதம் கெடாமல் பிடி கழன்றுவிடும். வைட்ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரக்குக்கு அதுவே தாராளம்.

அரக்குக்கு ஒரு குணம் உண்டு. நெடுநேரம் சூட்டிலேயே வைத்திருந்தால் அதன் மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகி, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் இளகாத பொருளாக இறுகிவிடும். அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் பிடி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். சூடு சீக்கிரம் ஏற வேண்டும், இளகியதும் உடனே இழுக்க வேண்டும்.

இன்றைய பயிற்சி வாளில் அரக்கின் இடத்தில் இருப்பது எபாக்சி. கடையில் இரண்டு குழாய்களாக வாங்கிக் கலந்து ஒட்டும் அதே பசை. இது கெட்டியானபின் உருகாது. ஆனால் 60 டிகிரிக்கு மேல் போகப்போக ரப்பர் மாதிரி தளர்ந்து வலுவிழக்கும், 150 டிகிரிக்குள் அநேகமாகக் கைவிட்டுவிடும். இன்னும் சூடாக்கினால் கருகி நச்சுப் புகை வரும், அது தேவையில்லாத வேலை. எஸ்.பி. ரோட்டில் மொபைல் திரை கழற்றுகிறவர்கள் வைத்திருக்கும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியே போதும். ஆனால் அதை மரப்பிடியின் மேல் காட்டிப் பயனில்லை. எஃகு வெப்பத்தை மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகக் கடத்துகிறது. கைக்காப்புக்குச் சற்று மேலே, அலகின் மீது காற்றைக் காட்டினால் எஃகே சூட்டை உள்ளே எடுத்துச் செல்லும். பசை உள்ளிருந்து வெளியே இளகும், மரமும் கருகாது. எபாக்சி சூட்டில் விரியும் அளவு எஃகு விரிவதைப் போல நான்கைந்து மடங்கு. அதனால் இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டாலே ஒட்டிய பரப்பு தானாகப் பிய்ந்துகொள்ளத் தொடங்கும்.

இவ்வளவு சூட்டில் அலகின் பதம் கெட்டுவிடாதா? பயிற்சி வாள்களில் கணிசமானவை சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த ஸ்பிரிங் எஃகு. லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் இந்த ரகம்தான். இதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு 400 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கித்தான் ஸ்பிரிங் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 400 டிகிரியைப் பார்த்துவிட்டு வந்த இரும்புக்கு 150 டிகிரி ஒரு பொருட்டில்லை. சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கிற கொல்லர்களும் பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் அதை உலையில் போட்டு, அடித்து, புதிதாகத் தோய்ச்சல் கொடுத்து, பழைய பதத்தை முழுவதுமாக அழித்துவிட்டு வேறு பொருளாக்குகிறார்கள். நாம் செய்ய நினைப்பது அதற்கு எதிரானது. அலகின் பழைய பதம் அப்படியே வேண்டும், பிடி மட்டும் போக வேண்டும்.

சரி, பிடி கழன்றுவிட்டது. இப்போது வால் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. மலிவு வாள்களில் பாதி இங்கேயே தோற்றுப்போகும். அகலமான அலகு முடிகிற இடத்தில் ஒரு மெல்லிய மரைக்கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். கரிமம் 0.6 சதவீதம் உள்ள எஃகைப் பற்றவைத்தால், பற்றுக்கு ஒட்டிய பகுதி சில நொடிகளில் செக்கச்சிவந்து, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த இரும்பால் உடனே குளிர்விக்கப்படும். தோய்ச்சல் கொடுத்துவிட்டு மறுசூடு காட்டாமல் விட்டதற்கு இது சமம். கண்ணாடி போல் நொறுங்கும் ஒரு பட்டை அங்கே உருவாகிவிடுகிறது. வாள் வளையும்போது அதிகபட்ச விசை விழுவதும் அதே இடத்தில். சுவரில் மாட்டி வைக்கவென்று செய்யப்பட்ட பளபளப்பான ஸ்டெயின்லெஸ் வாள்கள் அநேகமாக எல்லாமே இந்த ரகம். அவற்றைச் சுவரிலேயே விட்டுவிடலாம்.

வால் அலகோடு ஒரே துண்டாக இருந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அலகு ஒடுங்கி வாலாகும் தோள். அந்த மூலை சதுரமாக வெட்டப்பட்டிருக்கிறதா, வளைவாக உருட்டப்பட்டிருக்கிறதா?

1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்தடுத்து முறிந்த ரயில் அச்சுகளை ஆராய்ந்த இளம் பொறியாளர் வில்லியம் ராங்கைன், அச்சின் விட்டம் திடீரென்று குறையும் தோளில்தான் விரிசல் பிறக்கிறது, அது ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது என்று கண்டார். அந்த மூலையை வளைவாகக் கடைந்தால் அச்சு வெகுகாலம் தாங்கும் என்றார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1913இல், கேம்பிரிட்ஜின் சார்ல்ஸ் இங்லிஸ் இதற்குக் கணக்கு போட்டார். இழுக்கப்படும் அகலமான தகட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தால் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். துளை இழுப்புக்குக் குறுக்கே கூராக நீண்டிருந்தால் மடங்கு ஏறிக்கொண்டே போகும். கூரான உள்மூலை என்பது கணக்கின்படி எல்லையே இல்லாத மடங்கு.

வாளின் தோளும் ரயில் அச்சின் தோளும் ஒரே இனம். ஒவ்வொரு மோதலுக்கும் அங்கே இரும்பு ஒரு முறை இழுபட்டு ஒரு முறை அமுங்குகிறது. அங்கே பிறக்கும் விரிசல் பிடிக்குள் மறைந்திருக்கும், வியர்வை ஈரம் அதில் துருவை வளர்க்கும். அலகின் மற்ற பகுதி கண்ணாடியாக மின்னிக்கொண்டிருக்கும்.

விரிசலைக் கண்டுபிடிக்க ரயில்வே பட்டறைகளில் பல தலைமுறைகளாக ஒரு முறை இருந்தது; வீட்டிலேயே செய்யலாம். வாலையும் தோளையும் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெயில் ஊறவிட வேண்டும். எடுத்து ஈரமே இல்லாமல் துடைத்து, சாக்பீஸ் பொடியைச் சாராயத்தில் கரைத்து மெல்லிசாகப் பூசிக் காயவிட வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போய் ஒளிந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடு இழுக்கும். அலகை லேசாகத் தட்டிவிட்டால் இன்னும் சீக்கிரம். இன்று பீன்யாவின் பட்டறைகளில் விமானப் பாகங்களுக்குச் செய்யும் சாயச் சோதனை இதே தத்துவத்தின் சுத்திகரித்த வடிவம். சிவப்புச் சாயமும் ஸ்பிரே டப்பாவும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். தோளில் கோடு விழுந்தால் அந்த அலகு முழு நீள வாளாக இனி யார் கைக்கும் போகக்கூடாது. அப்படியானால் குப்பைக்கா?

தஞ்சாவூர்க்காரர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் இருக்கும் தஞ்சைக் கட்டாரிகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் கைக்காப்பு மறக்காது. துளையிட்டுச் செதுக்கிய எஃகுத் தகடு பாய்போல விரிந்து கையின் புறத்தை மூடும். அதன் உச்சியில் யாளித் தலை. உள்ளே இரண்டு குறுக்குக் கம்பிகள், அவற்றை முஷ்டியால் பற்றிக்கொண்டு நேராகக் குத்த வேண்டும். பார்ப்பவர் கண்ணெல்லாம் யாளியின் மேலேயே இருக்கும். கீழே இருக்கும் அலகைக் கொஞ்சம் கவனித்தால் அதில் பல, தஞ்சாவூரில் பிறக்காதவை. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ நீண்ட குத்துவாளாக அடிக்கப்பட்டு, கடல் கடந்து வந்து, இங்கே வெட்டிக் குறுக்கப்பட்டவை. சிலவற்றில் அலகின் நடுப்பள்ளங்கள் இயல்பாக மங்கி மறையாமல் அப்படியே போய்ப் பிடியின் தகட்டுக்கு அடியில் நுழைந்துவிடும். பள்ளம் தொடங்கும் இடம் வெட்டுப்பட்ட பகுதியோடு போய்விட்டது.

ஐரோப்பிய அலகுக்கு இந்தியப் பிடி போடுவது தஞ்சைக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. தக்காணத்திலும் மராத்தியரிடமும் ஃபிரங்கி என்ற பெயரில் நீண்ட நேர்வாள்கள் புழங்கின. அலகு ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தோ வட இத்தாலியிலிருந்தோ வரும், கூடை போன்ற பிடி உள்ளூரில் தயாராகும். போர்ச்சுகீசியர் 1510இல் கோவாவைப் பிடித்த பிறகு இந்த வரத்து பெருகியது. தஞ்சை நாயக்கர்களுக்கு அருகிலேயே நாகப்பட்டினத்தில் 1658இல் டச்சுக்காரர்கள் வரும்வரை போர்ச்சுகீசியர் இருந்தார்கள். அலகில் ‘ஆண்ட்ரியா ஃபெராரா’ என்றோ ‘ஜெனோவா’ என்றோ பொறித்திருந்தால் விலை கூடும் என்பதால், அந்தப் பொறிப்புகளை ஐரோப்பாவிலும் போலியாகப் போட்டார்கள், இந்தியாவிலும் போட்டார்கள். முத்திரையை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது.

உலகமே தேடி வந்த உருக்கு இங்கே இருக்கும்போது வெளிநாட்டு அலகு எதற்கு என்று நம்மவருக்கு உடனே கோபம் வரும். சேலம், மைசூர்ப் பகுதிகளில் மூசையில் உருக்கிச் செய்த எஃகு மைக்கேல் ஃபாரடே வரை பலரைத் தூங்கவிடாமல் செய்தது உண்மை. பெங்களூரிலேயே தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தின் சாரதா ஸ்ரீநிவாசனும் இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதனும் அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த உருக்கில் கரிமம் ஒரு சதவீதத்துக்கு மேல், சில சமயம் ஒன்றரையைத் தாண்டும். வெட்டுவாய்க்கு அது அபாரம். மீட்டர் நீளத்துக்கு மெல்லியதாக, வளைத்து விட்டால் நிமிர்ந்துகொள்ளும் நேரலகுக்குப் பாதி கரிமம் போதும், நல்ல தோய்ச்சல் முக்கியம். சோலிங்கன்காரர்கள் ஆற்றுநீரின் விசையில் சக்கரம் சுழற்றித் தீட்டி ஆயிரக்கணக்கில் அதை உற்பத்தி செய்தார்கள். இரண்டும் வெவ்வேறு வேலைக்கான இரும்பு. இது தெரிந்துதான் தஞ்சைக்காரர்கள் வாங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, வளையும் அலகை ஏன் குத்துக் கருவிக்கு எடுத்தார்கள்? குத்தும்போது அது வளைந்துவிடாதா? பள்ளிக்கூட எஃகு ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, முழு நீளத்தையும் வெளியே நீட்டி நுனியில் ஒரு நாணயத்தை வைத்தால் அது நன்றாகத் தாழும். பாதி நீளம் மட்டும் நீட்டி அதே நாணயத்தை வைத்தால் தாழ்வு எட்டில் ஒன்றாகிவிடும். வளைவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இரண்டின் மும்மடி எட்டு. நுனியிலிருந்து நேராக அமுக்கினால் எந்த விசையில் பக்கவாட்டில் மடங்கும் என்பதற்கு ஆய்லரின் கணக்கு உண்டு. நீளம் பாதியானால் தாங்கும் விசை நான்கு மடங்கு. ஆக, உடைந்த நீள்வாளின் நுனிப் பாதியை எடுத்துக்கொண்டால், எஃகிலோ பதத்திலோ எந்த மாற்றமும் செய்யாமல், முன்பு சாட்டையாக இருந்தது குத்தூசியாக மாறிவிடுகிறது. உலை தேவையில்லை. வெட்டினால் போதும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் இணைத்த விதம். கட்டாரியில் வாலே கிடையாது. பிடியிலிருந்து இரண்டு தகடுகள் முன்னோக்கி நீளும். அலகின் முழு அகலமும் அவற்றின் நடுவே உட்கார்ந்து ஆணிகளால் அறையப்பட்டிருக்கும். ஒடுங்கும் தோள் இல்லாததால் விரிசல் பிறக்கும் மூலையும் இல்லை. பழைய அலகின் களைத்துப்போன அடிப்பகுதி வெட்டிப்போட்ட துண்டோடு போய்விட்டது. ஆனால் ஆணித்துளை இருக்கிறதே, இங்லிஸின் மூன்று மடங்கு? துளை அலகின் நடுக்கோட்டில் இருந்தால் அகலவாக்கில் வளையும்போது அங்கே தகைவு பூஜ்யம். பூஜ்யத்தின் மூன்று மடங்கும் பூஜ்யம்தான். தடிப்புவாக்கில் வளைந்தால் இரண்டு பக்கமும் இருக்கும் தகடுகள் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. நீண்ட வாள்களிலும் இதே யோசனை தெரிகிறது. கண்டா வகை வாள்களில் பிடியிலிருந்து அலகின் ஓரமாகக் கணிசமான தூரத்துக்கு வலுவூட்டும் பட்டைகளை ஆணி அடித்துப் பொருத்தியிருப்பார்கள். ஒரு முனை பிடிபட்ட சட்டத்தில் வளைக்கும் திருப்புமை அடியில்தான் உச்சம். அங்கே தடிப்பு கூட்டி, நுனியை இலகுவாகவே விட்டுவிட்டார்கள். நடுப்பள்ளமும் இதே கணக்குதான். ரத்தம் வழிவதற்கு என்று சினிமாவில் சொல்வதை விட்டுவிடலாம். வளைவை எதிர்ப்பதில் நடுப்பகுதி இரும்புக்குப் பங்கு குறைவு, அதைச் சுரண்டி எடுத்தால் எடை குறையும், விறைப்பு அவ்வளவாகக் குறையாது.

1855இல் தஞ்சையின் கடைசி மராத்திய அரசர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், இந்தக் கட்டாரிகள் இருந்த தஞ்சை ஆயுதச்சாலை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1860களில் அதைக் கலைத்தார்கள். கொஞ்சத்தைச் சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுக்கிக்கொண்டு, பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878இல் ‘இந்தியன் ஆன்டிக்வரி’யில் அதைப் பற்றி எழுதிவைத்ததால் ஓரளவு தெரிகிறது.

அலகைக் கழற்றி மாட்டுவதை இன்று அன்றாட வேலையாகச் செய்கிறவர்கள் ஃபென்சிங்காரர்கள். ஃபாயில் என்ற ஆயுதமே பிறப்பில் பயிற்சி வாள். மெல்லிய குத்துவாளைப் பழகுவதற்காக வந்தது பிறகு தனி விளையாட்டாயிற்று. அதன் வாலில் ஆறு மில்லிமீட்டர் மரை, கடைசியில் ஒரு நட்டு. நட்டைக் கழற்றினால் பிடி, மெத்தை, கைக்காப்பு வரிசையாக உருவி வந்துவிடும். அலகு தேய்ந்தால் அலகை மாற்றுவார்கள், பிடி பிடிக்காவிட்டால் பிடியை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நேரான பிரெஞ்சுப் பிடியிலிருந்து கைத்துப்பாக்கி வடிவப் பிடிக்கு மாறினால் வாலைக் குட்டையாக வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய வால் பழைய பிடிக்கு எட்டாது.

இந்த அலகு எவ்வளவு வளைய வேண்டும் என்பதற்குச் சர்வதேச விதி இருக்கிறது. நுனியிலிருந்து 70 செ.மீ. தள்ளிப் பிடித்து, நுனிக்கருகே 200 கிராம் தொங்கவிட்டால் 5.5 முதல் 9.5 செ.மீ. வரை தாழ வேண்டும். கட்டாரிக்குக் கூடாதது இதற்குக் கட்டாயம். எதிராளியின் மார்பில் பட்டதும் வில்லாக மடங்கி விசையைத் தின்றுவிட வேண்டும். அந்த மடங்கலே ஒரு நாள் விரிசலை முற்றவைக்கும். 1982 ஜூலையில் ரோம் உலகப் போட்டியில் மத்தியாஸ் பேரின் ஃபாயில் முறிந்து, மிச்சமிருந்த துண்டு ஒலிம்பிக் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவின் முகமூடியைத் துளைத்தது. சில நாள்களில் அவர் இறந்தார். முகமூடி, உடை, அலகு மூன்றுக்கும் விதிகள் இறுகியது அதன் பிறகுதான். சென்னையின் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் ஃபென்சிங் வீராங்கனையாகக் களமிறங்கியது இப்படி இறுகிய விதிகளின் கீழ்.

உயர்மட்டப் போட்டிகளில் ஃபாயில் அலகு மாரேஜிங் எஃகில் இருக்க வேண்டும். இதில் கரிமம் 0.03 சதவீதத்துக்கும் கீழே; ஏறத்தாழ 18 சதவீதம் நிக்கல், கூடவே கோபால்ட், மாலிப்டினம், டைட்டானியம். 480 டிகிரிக்கு அருகே சில மணி நேரம் வைத்திருந்தால் நுண்ணிய உலோகக் கலவைத் துகள்கள் உள்ளே முளைத்து அதை வலுவாக்குகின்றன. விரிசல் பிறந்தாலும் மெல்லத்தான் வளரும். மாரேஜிங் அலகு முறிந்தால் முனை மொட்டையாகத்தான் இருக்கும் என்று கிளப்புகளில் சொல்வார்கள். நம்ப வேண்டாம், அதுவும் கூராகவே முறியும். நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் நிலைக் கூடும் இந்தக் குடும்பத்து எஃகுதான், ஹைதராபாத் மிதானியில் தயாராவது. எடை குறைவாகவும் வேண்டும், விரிசலுக்கு அஞ்சாததாகவும் வேண்டும் என்பது இரண்டு இடத்திலும் ஒரே தேவை.

வைட்ஃபீல்ட் வாளுக்கு வருவோம். தோளில் கோடு விழாத அலகுக்கு மூலையை உருளை அரத்தால் வளைவாக்கி, பழைய எடையில் குமிழும் புதுப் பிடியும் போட்டுத் திரும்பவும் பழகலாம். கோடு விழுந்ததை என்ன செய்வது? தஞ்சைக்காரர் செய்ததைத்தான்: அடியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு நீளத்துக்கு என்பதில் சட்டமும் இருக்கிறது. ஆயுத விதிகளின் அட்டவணையில் வாளும், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி போன்ற அலகுகளும் ஐந்தாம் வகை ஆயுதமாக வருகின்றன. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு. அறிவிக்கை வெளியான பகுதிகளில் அந்த வகைக்கு உரிமம் வேண்டும். மழுங்கிய நீள அலகைத் தீட்டிக் கூராக்கும் ஆசையை இந்த வரி ஒன்றே அடக்கிவிட வேண்டும். 70 செ.மீ. அலகில் 20 செ.மீ. துண்டு எடுத்தால் நீளம் ஒன்பது அங்குலத்துக்குள் நிற்கும், விறைப்பு மும்மடிக் கணக்கில் நாற்பது மடங்குக்கு மேல் ஏறும். தோட்டத்துக்கோ தேங்காய் உடைக்கவோ அதற்குமேல் என்ன வேண்டும்?

வெட்டும் சக்கரம் பட்ட இடத்தில் இரும்பு நிறம் மாறும்: வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 டிகிரி, பழுப்பு 260, நீலம் 300. ஆக்சைடு படலத்தின் தடிப்பு கூடக்கூட ஒளி வேறு வேறு நிறமாகத் தெறிக்கிறது. நீலத்தைக் கண்டதும் அலகு போச்சு என்று பதறுகிறவர்கள் உண்டு. அரத்திலிருந்து செய்த கத்தியாக இருந்தால் பதறுவது நியாயம், அதன் பதம் 200 டிகிரிப் பக்கத்தில் இறுதியானது. 400 டிகிரியில் பதம் பார்த்த ஸ்பிரிங் எஃகுக்கு நீலம் வெறும் சாயம். சாம்பல் நிறத்துக்கும் மேலே போய் மங்கலாகச் சிவந்தால் மட்டும் அந்த ஓரத்தைக் கைவிட வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, விரல் பொறுக்காத சூடு வந்ததும் முக்கி எடுத்து முக்கி எடுத்துத் தீட்டினால் அந்தப் பிரச்சினையும் வராது.